நம்ம ஊர் லய மேதை புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை

நம் கல்லூரி மலருக்குக் கட்டுரை கேட்டால் தீரர் சத்தியமூர்த்தியைப் பற்றியோ டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றியோ எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம். அதில் தப்பே இல்லை. இரண்டு பேரும் மன்னர் கல்லூரி நாட்டுக்குக் கொடுத்த பெரியவர்கள். ஆனால் அதே காலத்தில், அதே ஊரில், கல்லூரி வழியாக வராமலே நாடு முழுக்கப் பெயர் வாங்கிய ஒருவர் இருந்தார். பேருக்கு முன்னால் புதுக்கோட்டை என்று சேர்த்துச் சொன்னால்தான் வித்வான்களுக்கு ஆளைத் தெரியும். அந்த அளவுக்கு ஊர்ப் பெயரைச் சுமந்தவர். இன்றைக்கு நம்ம ஊர்ப் பிள்ளைகளில் பத்துப் பேரை நிறுத்தி அவரைத் தெரியுமா என்று கேட்டால், ஒருவராவது தெரியும் என்பாரா என்பது சந்தேகம்தான். அவர்தான் கஞ்சிரா, மிருதங்க வித்வான் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875-1936).

இசைக்கும் நம் மாவட்டத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல. நாமெல்லாம் உல்லாசப் பயணம் போய், மலையைப் பார்த்து, கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுத் திரும்பி வந்த குடுமியான்மலையில்தான் இந்தியாவின் மிகப் பழைய இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏழு பகுதிகளாகப் பிரித்து, பாறையிலே ஸ்வரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். திருமயத்திலும் மலையக்கோயிலிலும் பரிவாதினி என்று வீணையின் பெயரைப் பொறித்திருக்கிறது. அது ஸ்வரத்தின் கதை. தாளத்துக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு கதை உண்டு. அது கல்லில் எழுதப்படவில்லை. கையிலிருந்து கைக்கு மாறி வந்தது. அதனால்தான் சுலபமாக மறந்துவிட்டோம்.

தட்சிணாமூர்த்தி பிள்ளையைச் சொல்வதற்கு முன்னால் அவருடைய குருநாதரைச் சொல்லியாக வேண்டும். மான்பூண்டியா பிள்ளை (1859-1922). மாமுண்டியா பிள்ளை என்றும் சொல்வார்கள். அரண்மனையில் விளக்கேற்றும் வேலை பார்த்தவர் என்று ஊரில் ஒரு வழக்கு. பிறகு மாரியப்பத் தவில்காரரிடம் லயம் கற்றார். தவிலில் உள்ள கணக்கு இருக்கிறதே, அது ஒரு கடல். அந்தக் கடலில் நீந்தியவருக்கு, அதை வாசிக்க ஒரு கைவாத்தியம் தேவைப்பட்டது. பஜனை கோஷ்டிகளிலும் தாசரிகளின் கையிலும் இருந்த சின்னத் தப்பட்டையை எடுத்து, சீர்படுத்தி, கச்சேரி மேடைக்கு ஏற்றார். அதுதான் நாம் இன்று பார்க்கும் கஞ்சிரா. நம்ம புதுக்கோட்டைச் சரக்கு என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த நாளில் தஞ்சாவூர் நாராயணசாமி அப்பா மிருதங்கத்தில் பெரிய பேர். கையில் இந்தச் சின்ன வாத்தியத்தோடு மான்பூண்டியா பிள்ளை அவர் முன்னால் போய் உட்கார்ந்ததாகவும், கொஞ்ச நேரத்தில் அப்பா தம் மிருதங்கத்தை நிறுத்திவிட்டு இவரைத் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு மகிழ்ந்ததாகவும் ஒரு கதை வித்வான்கள் மத்தியில் உண்டு. கதையில் எவ்வளவு கூட்டினார்களோ, எவ்வளவு குறைத்தார்களோ. ஆனால் அதற்குப் பிறகு கஞ்சிரா மேடையை விட்டு இறங்கவில்லை என்பது மட்டும் உண்மை.

கஞ்சிராவைப் பக்கத்தில் இருந்து பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பலா மரத்தைக் குடைந்த ஒரு வளையம். ஏழெட்டு அங்குலக் குறுக்களவு. ஒரு பக்கம் உடும்புத் தோல், மறு பக்கம் திறந்த வெளி. வளையத்தில் ஓர் இடத்தில் துளை போட்டு இரண்டு மூன்று காசு கோத்திருப்பார்கள். அவ்வளவுதான் வாத்தியம். மிருதங்கத்துக்குப் போல வாரும் கிடையாது, புள்ளும் கிடையாது. சுருதி சேர்க்க வேறு வழியில்லாமல், உள்பக்கம் தண்ணீரைத் தொட்டுத் தடவி, தோல் தளர்கிற பதம் பார்த்து வாசிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், திரும்பத் தண்ணீர். இடது கை வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டே தோலின் ஓரத்தை அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்கும். அடிப்பதற்கு வலது கை ஒன்றுதான். மிருதங்கக்காரர் இரண்டு கையாலும் வாசித்த அதே வேகத்தை இவர் ஒரு கையால் திருப்பிச் சொல்லியாக வேண்டும். யோசித்துப் பாருங்கள். (உடும்பு இப்போது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் வேறு தோலும் செயற்கைத் தோலும் போட்டுப் பார்க்கிறார்கள். நாதம் அது போல வருமா என்பது வித்வான்களுக்குள் இன்னும் தீராத வழக்கு.)

இப்போது நம் கதாநாயகருக்கு வருவோம். தட்சிணாமூர்த்தி பிள்ளை இளமையில் சமஸ்தானச் சேவகத்தில் இருந்தவர் என்று சொல்வார்கள். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் பட்டத்தில் இருந்த காலம் அது (1886-1928). மாதச் சம்பளம் கிடைக்கிற சேவகத்தை விட்டுவிட்டு, ஒரு கஞ்சிராவை நம்பிக் கிளம்புவது என்றால் சும்மா இல்லை. பாட்டுக்காரருக்காவது நாலு பேர் தேடி வந்து தாம்பூலம் வைப்பார்கள். பக்க வாத்தியக்காரர் நிலைமை அப்படியா? அதிலும் கஞ்சிரா உபபக்க வாத்தியம். மிருதங்கம் இருந்தால்தான் கஞ்சிரா. அது இல்லாமல் கச்சேரி நடந்துவிடும். கொட்டகைச் செலவு கூடிப்போனால் முதலில் கழித்துக் கட்டுவது அந்த இடத்தைத்தான். அந்த இடத்தில் போய் உட்கார்ந்து, அவர் இல்லாவிட்டால் கச்சேரி சோபிக்காது என்று சபைக்காரர்களே நினைக்கும்படி செய்தார். குருவின் கஞ்சிராவோடு நிற்காமல் மிருதங்கத்திலும் முதல் வரிசைக்கு வந்தார். இரண்டு வாத்தியத்திலும் ஒரே அளவு பேர் எடுத்தவர்கள் அவருக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவருடைய காலத்துக் கச்சேரியை இன்றைக்குள்ள இரண்டு மணி நேரக் கச்சேரியோடு ஒப்பிடக் கூடாது. ஒலிபெருக்கி இன்னும் பரவாத காலம். கல்யாணப் பந்தலிலும் கோயில் பிராகாரத்திலும் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் நடக்கும். காஞ்சிபுரம் நயினா பிள்ளை (1889-1934) என்று ஒரு சிங்கம். அவர் கச்சேரிக்கு புல் பெஞ்சு என்றே பேர். ஹைகோர்ட்டில் நீதிபதிகள் பலர் சேர்ந்து உட்காருவது போல, மேடை நிறையப் பக்க வாத்தியம். வயலினுக்கு மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, மிருதங்கத்துக்குக் கும்பகோணம் அழகநம்பிப் பிள்ளை, கடத்துக்கு உமையாள்புரம் சுந்தரம் ஐயர், கொன்னக்கோலுக்கு மன்னார்குடி பக்கிரிப் பிள்ளை என்று ஒவ்வொருவரும் ஒரு மலை. அந்த மலைகளுக்கு நடுவில் கஞ்சிராவோடு நம்ம ஊர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. நயினா பிள்ளை சிக்கலான தாளத்தில் ஒரு பல்லவியை எடுத்துப் போட்டுவிட்டு, முடிந்தால் வாங்க என்கிற மாதிரி பார்ப்பாராம். எல்லாரும் சேர்ந்து வந்து சமத்தில் விழுந்தால் கூட்டம் அப்படியே அசந்து போகும். பந்தயம் மாதிரிதான். பாட்டைக் கேட்க வந்தவர்கள் பாதி, யார் எங்கே தவறுகிறார் என்று பார்க்க வந்தவர்கள் பாதி.

புதுக்கோட்டைப் பாணி, புதுக்கோட்டைப் பாணி என்கிறார்களே, அப்படி என்ன அதில் என்று மாணவர்கள் கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தால் புரியும். ஆதி தாளம் போடுங்கள். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. மொத்தம் எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்தால் ஒரு ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. இப்போது ததிகிணதொம் என்கிற ஐந்து எழுத்துச் சொல்லை இரண்டு தடவை சொன்னால் 10. அந்தப் பத்தை மூன்று தடவை சொல்லி, நடுவில் உள்ள இரண்டு இடைவெளிக்கும் ஒவ்வொரு மாத்திரை விட்டுவிடுங்கள். 10, 1, 10, 1, 10. கூட்டினால் 32. எட்டுக்கும் ஐந்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கடைசித் தொம் முடிந்த அடுத்த நொடியில் தாளத்தின் முதல் தட்டு வந்து நிற்கும். கேட்கிறவருக்கு நடுவில் வழி தவறிய மாதிரி இருக்கும். வாசிக்கிறவர் எங்கேயும் தவறவில்லை. இது ஆரம்பப் பாடம். இதையே மூன்றாகப் பிரித்த நடையில் 24-க்குள்ளும், ஐந்தாகப் பிரித்த நடையில் 40-க்குள்ளும், ஏழாகப் பிரித்த நடையில் 56-க்குள்ளும், நின்ற நிலையில் மனத்தாலே கணக்குப் பண்ணி, ஒற்றைக் கையால் வாசிப்பது மான்பூண்டியா பிள்ளை வழி வந்தவர்களின் தொழில். காகிதம் பென்சில் எல்லாம் கிடையாது. தவில்காரர்களின் கணக்கு வழக்கைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்ததுதான் இந்தப் பாணியின் வேர். தஞ்சாவூர்க்காரர்கள் பாட்டின் போக்குக்குப் போஷாக்குக் கொடுத்து வாசிப்பார்கள். நம்மவர்கள் பாட்டுக்குள்ளே ஒரு கோட்டை கட்டுவார்கள். ரொம்பத் தோராயமாகச் சொன்னால் வித்தியாசம் இவ்வளவு.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கணக்கு மிஞ்சிப் போய்ப் பாட்டு அமுங்கிவிடுகிறது, சாகித்தியமே காதில் விழவில்லை, இது சங்கீதமா குஸ்தியா என்று அந்தக் காலத்திலேயே ரசிகர்கள் குறைப்பட்டார்கள். அதை வெறும் பொறாமைப் பேச்சு என்று தள்ள முடியாது. ஐந்தாறு தாள வாத்தியங்கள் ஒன்றாக முழங்கினால் தியாகராஜ கிருதி என்ன ஆகும்? புல் பெஞ்சுக் கச்சேரி நயினா பிள்ளையோடு ஏறக்குறைய முடிந்தே போனது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த, அளவோடு பாடும் முறை நிலைத்துவிட்டது. ஆனால் தட்சிணாமூர்த்தி பிள்ளையின் பேர் அந்தப் பந்தயக் கச்சேரிகளோடு முடிந்து போகாததற்குக் காரணம், தம் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் செய்த காரியம்தான். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் அதுதான் பெரிய பகுதி.

1920-களின் நடுவில், செம்பை வைத்தியநாத பாகவதரோடு பாலக்காட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு பையன் மிருதங்கம் வாசிக்கச் சென்னைக்கு வந்தான். 1912-ல் பிறந்தவன். மீசை முளைக்காத வயது. தட்சிணாமூர்த்தி பிள்ளைக்கோ ஐம்பது வயது. தென்னாடு முழுக்கப் பேர். அந்தப் பையன் மிருதங்கத்தில் முதலில் வாசிக்க, பெரியவர் பக்கத்தில் உபபக்க வாத்தியமாகக் கஞ்சிரா எடுத்து உட்கார வேண்டும். மேடை மரியாதைப்படி இது சின்ன விஷயம் அல்ல. சீனியர், ஜூனியர் என்று வித்வான்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சங்கீத உலகம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மனசு வைத்திருந்தால் ஒரே கச்சேரியில் கணக்கைப் போட்டு அந்தப் பையனைத் திணற அடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. உட்கார்ந்தார், கேட்டார், வாசித்தார், பையனின் வித்தையை மெச்சினார். செம்பை பாட்டு, மணி மிருதங்கம், தட்சிணாமூர்த்தி பிள்ளை கஞ்சிரா என்று ஒரு கூட்டு அமைந்தது. அவர் காலம் முடிகிற வரைக்கும் அந்தக் கூட்டைக் கேட்க ஜனங்கள் கூடினார்கள். அந்தப் பையன்தான் பாலக்காடு மணி ஐயர் (1912-1981). தம் குரு தஞ்சாவூர் வைத்தியநாத ஐயருக்கு அடுத்தபடியாக அவர் கடைசிவரை போற்றிய பெரியவர்களில் தட்சிணாமூர்த்தி பிள்ளை ஒருவர். தஞ்சாவூர்ப் பாணியும் புதுக்கோட்டைப் பாணியும் எதிரெதிராக நிற்காமல் ஒரே மேடையில் பேசிக்கொண்டது அந்தக் கச்சேரிகளில்தான்.

இன்னொரு பையன் வீட்டுப் பிள்ளை மாதிரி. மான்பூண்டியா பிள்ளையிடம் கூடப் படித்தவர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மகன் சுப்பிரமணியம், 1908-ல் பிறந்தவர். பையனுக்கு இடது கைப் பழக்கம். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. காரணம் இல்லாமல் இல்லை. மேடையில் மிருதங்கக்காரர் பாடகரின் வலப் பக்கம் உட்கார்ந்தால் வலந்தலை சபையைப் பார்க்கும். இடது கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் தொப்பிதான் சபையைப் பார்க்கும். நாதம் போய்ச் சேராது. சரி, இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றால் வயலின்காரர் எழுந்து எதிர்ப் பக்கம் போக வேண்டும். அவருக்கு வாத்தியம் சபைக்கு முதுகு காட்டும். எந்த வயலின் வித்வான் சம்மதிப்பார்? ஒரு கைப் பழக்கத்துக்காக ஒரு மேதையையே உலகம் இழந்திருக்கும்.

தட்சிணாமூர்த்தி பிள்ளை அந்தப் பையனைச் சிஷ்யனாக ஏற்றுக்கொண்டார். எந்தக் கையால் வாசிக்கிறான் என்பதைவிட என்ன வாசிக்கிறான் என்பதைக் கேட்டவர் அவர். மேடையில் இடம் கொடுக்கச் செம்பை முன்வந்தார். வயலின்காரரை இடம் மாற்றி உட்கார வைத்துத் தம் கச்சேரிகளில் வாசிக்கச் சொன்னார். செம்பையின் பெருந்தன்மையை எத்தனை சொன்னாலும் தகும். அவர்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962). தொப்பியில் அவர் கொடுத்த கும்கி நாதத்தைக் கேட்டவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுவார்கள். கணக்கு மிஞ்சினால் பாட்டு அமுங்கும் என்று முன்னே சொன்ன குறைக்குப் பதில் சொன்னவரும் அவர்தான். புதுக்கோட்டைக் கணக்கு அத்தனையும் கையில் இருக்கும். ஆனால் பாட்டு நடக்கும்போது பாட்டு மட்டும்தான். கணக்கெல்லாம் தனியில் வரும், அதுவும் நாதம் கெடாமல் வரும். அவர் வாழ்க்கையை லலிதா ராம் துருவ நட்சத்திரம் என்ற பெயரில் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். நம் கல்லூரி நூலகத்தில் இருக்க வேண்டிய புத்தகம்.

தட்சிணாமூர்த்தி பிள்ளை 1936-ல் காலமானார். நம்ம காலத்து ஆட்கள் அவரைக் கேட்க வழியில்லாமல் போனது ஒரு துரதிர்ஷ்டம். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது 1938 ஜூன் 16-ஆம் தேதி. இரண்டே வருஷ இடைவெளி. கிராமபோன் தட்டு இருந்த காலம்தானே என்றால், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் ஓடும். அதற்குள் ஒரு கீர்த்தனத்தை அவசர அவசரமாகப் பாடி முடிப்பதே பெரும்பாடு. தனி ஆவர்த்தனத்துக்கு அங்கே ஏது இடம்? அரை மணி, முக்கால் மணி என்று கட்டி எழுப்பிய கோட்டை எல்லாம் காற்றோடு போய்விட்டது.

கைகள் மட்டும் மிஞ்சின. அவர் போன பிறகு மணி ஐயருக்குப் பக்கத்தில் கஞ்சிரா இடம் காலியாக நின்றது. அந்த இடத்துக்கு வந்தது பழனி சுப்பிரமணிய பிள்ளைதான். மிருதங்கத்தில் மணி ஐயருக்குச் சமமாக நின்றவர், குருவின் கஞ்சிராவை எடுத்துக்கொண்டு மணி ஐயர் பக்கத்தில் உபபக்க வாத்தியமாக உட்கார்ந்தார். பெரியவர் ஒரு சின்னப் பையன் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் படவில்லை போலும்.

சென்னை அரசு கர்நாடக இசைக் கல்லூரியில் பழனி சுப்பிரமணிய பிள்ளை ஆசிரியராக இருந்தார். புதுக்கோட்டையில் திண்ணையில் நடந்த பாடம் அரசாங்கக் கல்லூரி வகுப்பறைக்கு வந்தது அப்போதுதான். அவர் தனியாகச் சொல்லிக் கொடுத்த சிஷ்யர்களில் திருச்சி சங்கரன் முக்கியமானவர். 1955-ல், 13 வயதில், ஆலத்தூர் சகோதரர்கள் பாட குருவோடு சேர்ந்து அரங்கேறியவர். 1971-ல் கனடாவில் டொரண்டோவிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் ததிகிணதொம் சொல்லிக் கொடுத்தார். 2011-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பட்டம் ஒரு மிருதங்க வித்வானுக்கு முதல் முதலாகக் கிடைத்ததே 1966-ல், மணி ஐயருக்குத்தான். அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே பழனி போய்ச் சேர்ந்துவிட்டார். தட்சிணாமூர்த்தி பிள்ளையின் காலத்தில் இப்படி ஒரு பட்டமே கிடையாது. ராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதியையும் (1914-1998) இந்தப் பாணியில் வைத்தே பேசுவார்கள். அவரிடமும் மணி ஐயரிடமும் பாடம் கேட்ட ஜி. ஹரிசங்கர் (1958-2002) கஞ்சிராவில் ஒரு யுகத்தையே உண்டாக்கிவிட்டு, 43 வயதில் போய்விட்டார். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் சக்தி குழுவுக்குக் கிராமி விருது கிடைத்தபோது செய்தித்தாள்களில் வந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழுவில் செல்வகணேஷ் வாசிக்கிற வாத்தியம் நம்ம மான்பூண்டியா பிள்ளையின் கஞ்சிராதான். அந்தச் செய்தியில் புதுக்கோட்டை என்ற பெயர் எங்கேயும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

விடுதியில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் ஒலிப்பதிவுகள் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஒரு பழைய கச்சேரியை எடுத்து, தனி ஆவர்த்தனம் வரும் இடத்தில் நிறுத்தி, கையில் ஆதி தாளத்தைப் போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். இரண்டாவது நிமிஷத்தில் தாளம் கையை விட்டு நழுவும். விடாமல் திரும்ப முதலில் இருந்து போடுங்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு ஏதோ ஓர் இடத்தில் உங்கள் தட்டும் அவர் முடிப்பும் ஒன்றாக வந்து விழும்.